உறுப்பு: பூ

14-6-2000, புதன்

புதுப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டு முடித்தேன். பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் படங்கள் நன்றாக இருக்கின்றன. இயற்பியலைத் திறந்தாலே மண்ணெண்ணெய் வாசனை.

அப்பா செங்கல்பட்டு போய் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை லேமினேட் செய்து கொண்டுவந்தார். எல்லப்பன் கடையில்தான். அப்பாவுக்கு எதையும் லேமினேட் செய்துவிட வேண்டும். ரேஷன் கார்டு, அம்மாவின் ரத்தவகைச் சீட்டு, என் பஸ் பாஸ். தாத்தா, பாட்டி படங்களை மரப்பலகையில் ஒட்டி, மேலே பளபள தாள் போட்டு, ஓரங்களைச் சீவி ஹாலில் மாட்டியிருக்கிறார். "கடல் காத்து அனு. நாம காபந்து பண்ணலன்னா எல்லாத்தையும் தின்னுடும்" என்பார்.

மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அத்தை சொன்னாள்: "அடுத்த தடவ போறப்ப உன்னையும் போட்டுட்டு வரச் சொல்லு. வேர்க்காது."

அப்பாவே சிரித்துவிட்டார்.

2-7-2000, ஞாயிறு

அடுத்த ஏப்ரலில் அப்பா ஓய்வு பெறுகிறார். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஊரப்பாக்கத்தில் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டப் போகிறோம். ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. அதற்கு மேல் முடியாது என்கிறார் அப்பா. நான் ஹாலில் படுத்துக்கொள்வேன். அத்தை?

வசந்தா அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் போட்டோ எடுக்கும் வேலை பார்த்தாள். அறுவை சிகிச்சைக்கு முன், பின் என்று நோயாளிகளின் கைகளையும் கால்களையும் படம் எடுக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு டவுனில் தனியாக ஓர் அறை எடுத்து இருந்தவள், இரண்டு வருடம் முன்னால் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டுப் பின்பக்க வராந்தாவில், க்ரில்லுக்குத் துணி கட்டி, கட்டில் போட்டு இருக்கிறாள். வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. எங்கள் கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்கார முடியாது. பெட்பேன் எடுப்பது அம்மா.

இன்று சமையலறையில் அம்மா மெதுவாகத்தான் பேசினாள்.

"திருக்கழுக்குன்றம் ரோட்ல ஒரு ஹோம் இருக்காம். நல்லா பாத்துக்கறாங்களாம். நான் கெட்டவளாட்டம் சொல்லலைங்க. எனக்கும் முதுகெலும்பு ஒண்ணுதான்."

வராந்தாவில் அத்தையின் ரேடியோ சத்தம் கொஞ்சம் கூடியது. சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. அம்மாவுக்கு அது நினைவில்லையா?

20-8-2000, ஞாயிறு

வேலூர் சித்தி குடும்பத்தை மாமல்லபுரம் அழைத்துப் போனோம். எல்லாரும் கல் யானையின் மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரர்கள் தங்கும் தெருவில் சித்தி ஒரு சங்கு மாலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்துக் கடைக்குள் நுழைந்தேன். கடை மாதிரியே இல்லை. வெள்ளைச் சுவர், ஒரு சுவருக்கு ஒரே ஒரு படம். எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரு படத்தில் பூசணிக்கொடியின் சுருள் மட்டும், அவ்வளவு பெரிதாக, அவ்வளவு பக்கத்தில். கீழே விலை டாலரில்.

"பாப்பா, கை வெக்காம பாரு" என்றார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றிருந்தேன். அதனால் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "இந்த மாதிரி ஒண்ணு எங்க வீட்லயும் இருக்கு சார்" என்றேன்.

"காலண்டரா?"

"எங்க அத்தை எடுத்தது. காந்தள் பூ. ஓரத்துல ஸ்கேல் இருக்கும்."

அவர் எழுந்து வந்தார். "ஸ்கேலா? பூ பக்கத்துல எதுக்கும்மா ஸ்கேலு?"

எனக்குத் தெரியவில்லை. அவர் பெயர் ஹரிகிருஷ்ணன். பழைய புகைப்படங்களை வாங்கி, சேகரிப்பவர்களுக்கு விற்கிறார். முகவரி எழுதி வாங்கிக்கொண்டார். இதைச் சித்தியிடம் சொன்னால் அந்தக் கடையிலும் பேரம் பேசப் போயிருப்பாள்.

21-8-2000

படத்தை இன்று சரியாகப் பார்த்தேன். அத்தையின் கட்டிலடி டிரங்குப் பெட்டியில், மஞ்சள் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. கண்ணாடி, சட்டம் எதுவும் இல்லாத வெறும் தாள். கறுப்புத் துணி மேல் ஒரே ஒரு காந்தள், மேலிருந்து பார்த்த மாதிரி. இதழ்கள் பின்னால் வளைந்து நெளிந்து, ஓரம் ஓரமாக வெளிச்சம். பூவில் சிவப்பும் மஞ்சளும் உண்டு என்று தெரிந்தவளுக்கே அது மறந்துவிடுகிறது. வலது ஓரத்தில் ஒரு ஸ்கேல், சென்டிமீட்டர் கோடுகளோடு.

தமிழ் வகுப்பில் காந்தளைப் பெண்களின் விரலுக்கு உவமையாகச் சொல்வார்கள் என்று படித்தது நினைவு வந்தது. அத்தையிடம் சொன்னேன்.

"விரலப் பாத்தவ நான். உவம சொன்னவங்க பாத்தாங்களான்னு தெரியாது" என்றாள். பிறகு ரேடியோவைத் திருகினாள்.

10-9-2000, ஞாயிறு

ஹரிகிருஷ்ணன் வந்தார். அப்பா ஷிப்டில் இருந்தார்.

படத்தை இரண்டு கையாலும் ஓரத்தில் பிடித்து வாங்கினார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, முதலில் திருப்பினார். பின்பக்கம்தான் பார்த்தார். அவ்வளவு நேரம். அங்கே மருத்துவமனை முத்திரை ஒன்று, நோயாளி எண், தேதி, உறுப்பு என்று மூன்று கட்டங்களோடு. எண்ணுக்கு நேரே ஒரு சின்னக் கோடு. தேதி 1959 நவம்பர். உறுப்பு என்ற இடத்தில் பென்சிலால் 'பூ' என்று அத்தையின் கையெழுத்து.

அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"யாரும்மா பிரிண்ட் போட்டது?"

"நான்தான். டார்க்ரூம்ல வேற யாரு இருப்பா?"

"எடுத்தப்பவேவா?"

"அன்னிக்கு சாயங்காலமே."

எடுத்தவர் கையாலேயே, எடுத்த காலத்திலேயே போட்ட பிரதி என்றால்தான் சேகரிப்பவர்கள் தேடுவார்களாம். அதை நிரூபிப்பது பின்பக்கம்தானாம். அதனால் தாளை எதுவும் செய்யக் கூடாது, தூசிகூடத் துடைக்கக் கூடாது என்றார். ஜனவரியில் இரண்டு பேர் பிரான்சிலிருந்து வருவார்கள், பூப் படங்களை மட்டும் சேகரிப்பவர்கள், அழைத்துவருகிறேன் என்றார். என்ன விலை போகும் என்று அம்மா கேட்டாள். அவர் சொன்னதும் அம்மா காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டாள்.

ஸ்கேல் எதற்கு என்று கேட்டார். அத்தை சொன்னது:

"ஆபரேஷன் பண்ண கை பிடிக்குதான்னு காட்டணும். டம்ளரு, பேனா எதையாவது பிடிக்கச் சொல்லி எடுப்போம். சாலமோன்னு ஒருத்தன். வர்ற வழியில வேலியில இருந்து இத பறிச்சுகினு வந்து, இதத்தான் பிடிப்பேன்னான். விஷச்செடிப்பா, கீழ வைன்னேன். வெச்சான். துணி கீழ இருந்துச்சு, ஸ்கேலு இருந்துச்சு, லைட்டு எரிஞ்சுகினு இருந்துச்சு. எடுத்தேன்."

"வேற பூ எதாவது எடுத்தீங்களாம்மா?"

"பூ எடுக்கறது என் வேல இல்ல."

நெகட்டிவ் மருத்துவமனையோடது, எப்போதோ பழசையெல்லாம் கழித்தபோது போய்விட்டது. இந்த ஒன்றுதான் இருக்கிறது.

11-9-2000

நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதியைப் பார்த்தேன். ஹரிகிருஷ்ணன் திரும்பத் திரும்பச் சொன்ன 'விண்டேஜ்' என்ற சொல் திராட்சை அறுவடையிலிருந்து வந்ததாம். எந்த வருடத்துத் திராட்சை என்பதுதான் ஒயினுக்கு விலையாம். அத்தையிடம் சொன்னேன். "அப்ப நானும் விண்டேஜுதான்" என்றாள்.

2-10-2000, திங்கள்

காந்தி ஜயந்தி விடுமுறை. அப்பா வீட்டு வரைபடத்தை ஹாலில் விரித்துவைத்து, படுக்கையறைக்குப் பின்னால் இன்னொரு கட்டம் போட்டார். அதற்குள் 'அக்கா ரூம்' என்று எழுதினார். ஒட்டினாற்போல் ஒரு கழிப்பறை, உட்கார்ந்து போகிற மாதிரி, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அம்மாவே அந்தக் கம்பியைச் சொன்னாள்.

அத்தை வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அவள் ஹாலுக்கு வருவது அபூர்வம். குனிந்து பார்த்தாள்.

"ஜன்னல் எந்தப் பக்கம்டா சதா?"

"எந்தப் பக்கம் வேணும்னு சொல்லு அக்கா."

"வடக்க வை. வெயில் நேரா விழாது. வெளிச்சம் நாள் பூரா ஒரே மாதிரி இருக்கும்."

அப்பா ரப்பரால் அழித்து வடக்கே ஒரு ஜன்னல் வரைந்தார். அத்தை வாக்கரைத் திருப்பிக்கொண்டு போனாள். எனக்கு ஏனோ அழுகை வந்தது. இவ்வளவு நாளாக அவளுக்கு எதுவும் வேண்டாம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

29-11-2000

புயல் மழை. பள்ளி இல்லை. மின்சாரம் இல்லை. வராந்தாவில் தண்ணீர் வந்து அத்தையை ஹாலுக்கு மாற்றினோம். டிரங்குப் பெட்டியை அப்பா தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

3-12-2000

படத்தின் இடது மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. பூஞ்சை. கடுகளவுதான் இருக்கிறது. அப்பா வேட்டி நுனியால் துடைக்கப் போனார். "தொடாதீங்கப்பா, அவர் சொன்னாரே" என்று நானும் அம்மாவும் ஒன்றாகக் கத்தினோம். அப்பா கையை எடுத்துவிட்டார். ஆனால் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

17-12-2000, ஞாயிறு

அந்த ஹோமைப் பார்த்துவரலாம் என்று அம்மா சொன்னாள். "சும்மா பாத்து வெச்சுக்கலாங்க. படம் விக்கலன்னா?" அப்பா வரமாட்டேன் என்றார். நானும் அம்மாவும் போனோம்.

நீளமான ஓர் அறை. சுவரோரம் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் இரும்பு அலமாரி, ஒரு பிளாஸ்டிக் குடம். சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாந்தி வரலையா?" என்று கேட்டார். சாந்தி யார் என்று எனக்குத் தெரியாது. "அடுத்த வாரம் வருவாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

வரும்போது பஸ்ஸில் அம்மா, "படம் வித்துடணும் அனு" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.

6-1-2001, சனி

ஹரிகிருஷ்ணன் போன் செய்தார். 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிரான்ஸ்காரர்களோடு வருகிறார்.

ஊரப்பாக்கத்தில் மேஸ்திரி ராஜேந்திரன் தை பிறந்ததும் கடைக்கால் தோண்ட வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார். "ரூம் ஒண்ணா ரெண்டான்னு சொல்லு சார். அப்பால வந்து ஒட்டவெக்கறதுக்கு இது இன்னா கவர்ல ஸ்டாம்பா?" என்றாராம். அப்பா இரண்டுக்கும் கோடு போடச் சொல்லிவிட்டார்.

16-1-2001

காணும் பொங்கல். மனையைப் பார்க்கப் போனோம். தரையில் சுண்ணாம்பு தூவி வீடு முழுவதற்கும் கோடு போட்டிருந்தார்கள். நான் அத்தையின் அறைக்குள் போய் நின்றேன். வடக்கே பார்த்தேன். ஒரு புளியமரமும் ரயில் பாதையும் தெரிந்தன. அத்தையிடம் வந்து சொன்னேன்.

"ரயிலு சத்தம் கேக்குமா?"

"கேக்கும் அத்தை."

"கேக்கட்டும்."

19-1-2001, வெள்ளி

எப்படி எழுதுவது?

சாயங்காலம் அப்பா செங்கல்பட்டிலிருந்து வந்தார். அக்குளில் செய்தித்தாள் சுற்றிய பெரிய பொட்டலம். முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாரும் வாங்க" என்று வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அத்தையின் கட்டிலில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

காந்தள். மரப்பலகை மேல். ஓரமெல்லாம் சீவி, மெழுகினதுபோலப் பளபளவென்று. ட்யூப்லைட் அப்படியே அதில் தெரிந்தது. பூவுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் குச்சி மாதிரி.

அத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஸ்கேல் எங்கடா?"

"அது எதுக்கு அக்கா, அசிங்கமா. பூ மட்டும் இருந்தா எடுப்பா இருக்கும்னு எல்லப்பன்தான் வெட்டி எடுத்தான்."

நான் அதைப் பிடுங்கித் திருப்பினேன். பின்னால் பலகை. பித்தளை வளையம். எல்லப்பன் கடை ஸ்டிக்கர்.

ஏம்ப்பா. ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பின்பக்கம்தான் முக்கியம்னு அவரு எத்தன தடவ சொன்னாரு — நானும் சொன்னேனே, சாப்பிடறப்ப, கதையாட்டம், எல்லாத்தையும் சொன்னேனே.

கத்தினேன். அப்பாவிடம் இதுவரை அப்படிக் கத்தியதில்லை.

அப்பா சொன்னார்: "தூசி துடைக்கக் கூடாதுன்னாரு. நான் துடைக்கல. பூஞ்சை புடிச்சுகினு இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள்ல பெருசாயிருந்தா? அதான், தூசியே படாத மாதிரி..." என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள்.

அத்தை படத்தை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் மேலே தேய்த்துப் பார்த்தாள். விரல் வழுக்கியது.

"நல்லாத்தான் இருக்கு. பளபளன்னு. காபி குடிச்சியாடா?" என்றாள்.

20-1-2001, சனி

காலையில் முதல் பஸ்ஸில் அப்பாவும் நானும் எல்லப்பன் கடைக்குப் போனோம். டிக்கெட் வாங்கக்கூட நான்தான் பேசினேன்.

எல்லப்பன் படத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னா சார், ஒட்டினத பிரிக்கச் சொல்றீங்கோ. கோந்து தடவி, ஹீட்ல போட்டு அமுக்கி கீது. இத்த பிரிச்சா தூள் தூளாத்தான் வரும். நல்லாதானே கீது? உங்களுக்குன்னு நல்ல க்ளாஸி போட்டேன். இன்னா கொற?"

"கொற ஒண்ணும் இல்லப்பா" என்றார் அப்பா.

வெட்டிய துண்டு எங்கே என்று கேட்டேன். கூடையைக் காட்டினார். கூடை முழுக்கக் கல்யாணப் படங்களின் ஓரங்கள். யாரோ ஒருவரின் தோள், பாதி மாலை, ஒரு குழந்தையின் கால். கிளறிக் கிளறி அடியில் கிடைத்தது. ஸ்கேல். சென்டிமீட்டர் கோடுகள் முழுசாக இருந்தன. பின்பக்கம் வெறுமை. முத்திரை நடுவில் இருந்ததால் அது பலகையோடு போய்விட்டது.

அப்பா வெளியே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

21-1-2001, ஞாயிறு

போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றாள் அம்மா. "வரட்டும். ஏதாவது வழி இருக்கும்" என்றார் அப்பா. புதுச் சட்டை போட்டுக்கொண்டார்.

வந்தார்கள். கணவனும் மனைவியும், இருவருக்கும் நரைத்த தலை. அந்த அம்மாள் செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவைத்துவிட்டு வந்தார். அப்பா படத்தை இரண்டு கையாலும் நீட்டினார். ஹரிகிருஷ்ணன் வாங்கவில்லை. வாங்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாங்கித் திருப்பினார். பலகை.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அந்த அம்மாள் பிளாஸ்டிக்கின் மேல் நகத்தால் மெதுவாகத் தட்டினார். டொக் என்று கேட்டது. அவர் கணவர் தன் மொழியில் ஏதோ சொன்னார். ஹரிகிருஷ்ணன் அதைத் தமிழில் சொல்லவில்லை.

நான் ஹரிகிருஷ்ணனிடம் ஸ்கேல் துண்டைக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். என் விரலை எடுத்து அதன்மேல் வைத்தார். "தெரியுதா? வெல்வெட்டு மாதிரி. இதுதாம்மா அந்தப் பேப்பர்." பிறகு அப்பாவிடம், "சார், நீங்க நல்லதுன்னு நினைச்சுதான் பண்ணியிருக்கீங்க" என்றார்.

கேசரியும் காபியும் சாப்பிட்டார்கள். வெள்ளைக்காரர் அத்தையிடம் போய் குனிந்து கை கொடுத்தார். அத்தை கொடுத்தாள். அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார். கார் போன பிறகு அத்தை சொன்னாள்: "பாவம், அவ்வளவு தூரத்திலேருந்து."

பம்பாயில் பழைய தாள்களைப் பழுதுபார்க்கிற ஒருவரைக் கேட்டுப் பார்ப்பதாக ஹரிகிருஷ்ணன் சொல்லியிருக்கிறார்.

11-2-2001

பம்பாய்க்காரரும் முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

18-2-2001, ஞாயிறு

கடைக்கால் தோண்டுகிறார்கள். அப்பாவோடு போயிருந்தேன். வீட்டுக்கான கோடுகள் மேல் பள்ளம் வெட்டியாகிவிட்டது. அத்தையின் அறைக் கோடுகள் மட்டும் அப்படியே தரையில். செங்கல் இறக்கிய லாரி அதன்மேல் ஏறி இறங்கியிருந்தது. ராஜேந்திரன், "இத்த இன்னா பண்றது சார்?" என்று கேட்டார்.

"அது வேணாம்" என்றார் அப்பா.

ராஜேந்திரன் காலால் தேய்த்தார். சுண்ணாம்புதானே, உடனே போய்விட்டது.

4-3-2001

அப்பா அத்தையின் பக்கம் போவதே இல்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் நேராகக் குளித்துவிட்டு ஹாலில் படுத்துவிடுகிறார். இன்று அத்தை வராந்தாவிலிருந்து குரல் கொடுத்தாள்: "சதா, ரேடியோல பாட்டரி போயிடுச்சு." அப்பா போட்டுக் கொடுத்தார். அப்போது அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"விடுடா. நாப்பது வருஷம் பொட்டியில கெடந்துச்சு. நான் ஒரு நாளும் எடுத்துப் பாத்ததில்ல" என்றாள் அத்தை.

உண்மையா அது? அந்த அட்டைப்பெட்டியின் மூடி மட்டும் தேய்ந்து தேய்ந்து வெளுத்திருந்ததே.

25-3-2001, ஞாயிறு

அத்தையை ஹோமில் விட்டுவிட்டு வந்தோம்.

வாடகைக் கார். ரேடியோ, வாக்கர், டிரங்குப் பெட்டி. அம்மா அத்தையின் புடவைகளை மடித்துவைக்கும்போது அழுதாள். "அண்ணி, என்ன மன்னிச்சுடுங்க." "உனக்கு என்ன லோகா, நீ ரெண்டு வருஷம் பண்ணத எந்த நர்சும் பண்ணமாட்டா" என்றாள் அத்தை. நான் எதுவும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். எனக்கு இவ்வளவு சொற்கள் தெரியும், ஒன்றும் வரவில்லை.

படத்தை எடுத்துக்கொள்கிறாயா என்று அப்பா கேட்டார்.

"அங்க ஆணி அடிக்க உடுவாங்களோ என்னமோ. நீயே வெச்சுக்க."

கட்டிலில் உட்கார்ந்ததும் அத்தை என்னைக் கேட்டாள்: "ஜன்னல் எந்தப் பக்கம்னு பாத்தியா?"

"மேற்கு அத்தை."

"அப்ப சாயங்காலம் அடிக்கும்" என்றாள்.

30-4-2001, திங்கள்

அப்பாவின் கடைசி நாள். மாலை போட்டு ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். வாழ்த்து மடல் ஒன்று கொடுத்தார்கள். மரப்பலகையில் ஒட்டி, பளபளவென்று. அப்பா அதை அலமாரியின் மேல் சுவர் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார்.

15-7-2001

ஊரப்பாக்கம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கூடுவாஞ்சேரியில் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கல்பாக்கம்' என்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால், அத்தையின் அறை இருந்திருக்க வேண்டிய இடத்தில், துவைக்கிற கல் போட்டிருக்கிறோம். துவைக்கும்போது ரயில் சத்தம் நன்றாகக் கேட்கிறது.

ஞாயிறுதோறும் அத்தையைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். இரண்டு பஸ் மாற வேண்டும். போன மாதம் ஒரு முறைதான் போனேன்.

9-9-2001

அத்தை மெலிந்துவிட்டாள். அவள் கட்டில் பக்கம் வெயிலுக்கு ஒரு பழைய போர்வையைக் கட்டியிருந்தார்கள். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "அந்த சாலமோன் கை அப்புறமும் நல்லா பிடிச்சுதாமா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? "பிடிச்சுது அத்தை" என்றேன். சாந்தியைக் கேட்ட பாட்டியிடம் சொன்ன மாதிரியே.

8-11-2001, வியாழன்

அத்தை போய்விட்டாள். விடியற்காலையில். ஹோமிலிருந்து போன்.

11-11-2001

காரியத்துக்கு வைக்கப் படம் வேண்டும். அத்தையின் படம் ஒன்றுகூட இல்லை. டிரங்குப் பெட்டி முழுக்கத் தேடினோம். எத்தனையோ பேரை எடுத்தவள். வாக்காளர் அட்டையில் மட்டும் ஒன்று இருக்கிறது, கட்டைவிரல் நகத்தளவு. அதில் இருப்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது.

அப்பா அதை எடுத்துக்கொண்டு எல்லப்பனிடம் போனார். நானும் கூடப் போனேன். அவர் ரொம்ப முயன்றார். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்.

"கரிதான் சார் வருது. மூஞ்சே இல்ல. சாமி சத்தியமா, இருந்தா எடுத்துக் குடுத்துருவேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "வேற எதுவுமே இல்லியா சார், அந்தம்மாவோடது?"

அப்பா ரொம்ப நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5-12-2001, புதன்

அரையாண்டுத் தேர்வுக்காகப் படிப்பு விடுமுறை. ஹாலில் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்கேல் துண்டைத்தான் புத்தகத்தில் அடையாளமாக வைத்திருக்கிறேன்.

மீட்டர் பார்க்கிறவர் வந்தார், புதிய ஆள். மீட்டர் பெட்டி ஹால் சுவரில், தாத்தா பாட்டி படங்களுக்குப் பக்கத்தில். அங்கே மூன்றாவதாகக் காந்தள் தொங்குகிறது. அம்மா காலையில் போட்ட முல்லைச் சரம், சின்ன சிவப்பு பல்பு. மூலையில் இருந்த பூஞ்சைப் புள்ளி தாளுக்கடியில் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அதை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா பூ சார் இது? பூவுக்குப் போயி மால போட்டுக் கீறீங்கோ?"

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"எங்க அக்கா" என்றார்.

அந்த ஆள் அப்பாவைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் மீட்டர் அட்டையைக் கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார். அது லேமினேட் செய்யாத வெறும் அட்டை. ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது.